கிரேட் டேன் குட்டியை மெதுவாக வளர விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களில் நாய்க்குட்டி விற்பனைப் பகுதியைப் பார்த்தால் கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப் என்று ராட்சத இனங்களின் பெயர்கள் இப்போது சகஜமாகிவிட்டன. 'கனமான எலும்பு', 'தகப்பன் நல்ல உயரம்', 'அபூர்வ வெள்ளை நிறம்' என்பதோடு விளம்பரம் முடிந்துவிடுகிறது. குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் குடும்பம் அடுத்த ஒன்றரை ஆண்டில் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. கால்நடை மருத்துவர்களிடம் தூக்கி வரப்படும் ராட்சத இனக் குட்டிகளில் கால் வளைந்தவை, மூட்டு வீங்கியவை, நடக்கவே மறுப்பவை பல. இவற்றில் கணிசமானவை பாசத்தால் வந்த கோளாறுகள். சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று ஊட்டி ஊட்டி வளர்த்ததன் விளைவு. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாக இருக்கிறது.

முதலில் எந்த இனம் என்ற கேள்வி. செயின்ட் பெர்னார்ட் உருவானது ஆல்ப்ஸ் மலையில், சுமார் 2,470 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயில், பனியில் சிக்கிய வழிப்போக்கர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காக. நியூஃபவுண்ட்லாண்ட் கனடாவின் குளிர்ந்த கடலோரத்து நாய். திபெத்திய மாஸ்டிஃப் எங்கிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டியதில்லை. இரட்டை அடுக்கு ரோமம் கொண்ட இந்த நாய்களை மே மாதத்து வேலூரிலோ மதுரையிலோ வளர்ப்பது என்றால் ஆண்டில் பாதி நாள் ஏசி அறையில் அடைத்து வைப்பது என்று பொருள். மின்தடை வந்தால் அந்த அறையும் உதவாது. 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட 11 வெளிநாட்டு இனங்களில் இந்த மூன்றும் இருக்கின்றன. அந்தக் கொள்கையைப் பற்றிய வாதங்கள் தனி. ஆனால் இந்த மூன்று இனங்களும் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு வேண்டாம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

மீதமிருப்பதில் குட்டையான ரோமம், சாதுவான குணம், வீட்டாரோடு ஒட்டிக்கொள்ளும் சுபாவம் என்று குடும்பத்துக்குப் பொருந்தி வருவது கிரேட் டேன்தான். இங்கே அதிகம் வளர்க்கப்படும் ராட்சத இனமும் அதுவே. ஆகவே மேற்கொண்டு எழுதுவது பெரும்பாலும் டேனைப் பற்றியது. காவல்தான் நோக்கம் என்றால் டேன் தேவையே இல்லை. 25, 30 கிலோ எடையுள்ள ராஜபாளையம் அதே வேலையைப் பாதிச் சோற்றில், பாதி வைத்தியச் செலவில் செய்யும்.

ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். வளர்ந்த ஆண் டேன் தோள் உயரத்தில் 80 சென்டிமீட்டரைத் தொடும், எடை 55 முதல் 80 கிலோ வரை போகும். நாளொன்றுக்குச் சுமார் 700 முதல் 900 கிராம் உலர் தீவனம், அதாவது மாதம் 25 கிலோ மூட்டை ஒன்று. மயக்க மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் எடைக்கேற்ற அளவில்தான் போகும் என்பதால் வைத்தியச் செலவும் அதே விகிதத்தில் ஏறும். ஆயுளோ 7 முதல் 10 ஆண்டுகள். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்காக இன்று வாங்கினால், அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டும்போது நாய் இருக்காது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடலாம்.

இனி குட்டியைப் பார்ப்பது. 2017-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நடைமுறையில் 30, 35 நாள் குட்டிகளை 'இரண்டு மாசம் ஆயிடுச்சு' என்று கையில் கொடுக்கிறார்கள். டேன் குட்டி மற்ற இனத்தைவிடப் பெரிதாக இருப்பதால் இந்தப் பொய் எளிதில் செல்லுபடியாகிவிடுகிறது. பல்லைப் பாருங்கள். எட்டு வாரக் குட்டிக்கு மேலும் கீழும் பால்பற்கள் வரிசையாக முளைத்திருக்கும். கடைவாய்ப் பக்கம் ஈறு இன்னும் மொட்டையாக இருந்தால் வயது குறைவு.

தாய் நாயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கூண்டுக்குள் இருப்பதைத் தூரத்திலிருந்து காட்டினால் போதாது. நடக்கவிட்டுப் பாருங்கள். பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசாமல், இடுப்பு ஆடாமல் நடக்கிறதா? அந்நியரைக் கண்டு பதுங்குகிறதா, பாய்கிறதா, அல்லது வந்து மோந்து பார்த்துவிட்டு நிற்கிறதா? மூன்றாவது வகைத் தாயின் குட்டிதான் குடும்பத்துக்கு ஆகும். பிறகு விற்பவரிடம் ஒரு கேள்வியை நேரடியாகக் கேளுங்கள்: இந்த நாயின் தாய், தகப்பன், உடன்பிறப்புகளில் எதற்காவது வயிறு உப்பி முறுக்கிக்கொண்டதா? இந்த நோய் ரத்த உறவில் தொடரும். பெற்றோருக்கு இடுப்பு எக்ஸ்ரேயும் இதய எக்கோவும் எடுத்திருந்தால் அந்தப் பண்ணைக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தப்பில்லை. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் வம்சத்தைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

'அபூர்வ வெள்ளை டேன்' என்று வரும் விளம்பரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளை உடம்பில் கருப்புத் திட்டுகள் கிழிந்த துணிபோல் இருக்கும் ஹார்லிகுயின் வகையும், சாம்பல் நிறத்தில் கறைகள் உள்ள மெர்ல் வகையும் 'மெர்ல்' என்ற ஒரே மரபணுவைச் சுமப்பவை. அந்த மரபணு உள்ள இரண்டு நாய்களை இணை சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு கரு அதை இரட்டையாகப் பெறும். அப்படிப் பிறக்கும் குட்டி பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். காது கேளாமை, கண் சிறுத்திருத்தல், குருடு ஆகியவை இவற்றில் சாதாரணம். ஆகவே அந்த வெள்ளைக்கு அதிக விலை கொடுப்பது ஊனத்துக்கு விலை கொடுப்பதாகும், அதை உண்டாக்கியவருக்கு ஊக்கம் கொடுப்பதும் ஆகும். சந்தேகமிருந்தால் குட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து, அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்குங்கள். தரையைத் தட்ட வேண்டாம், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டியும் திரும்பிவிடும் என்பதால் இது முழுமையான சோதனை கிடையாது.

குட்டி வீட்டுக்கு வந்தபிறகுதான் முக்கியமான விஷயம் தொடங்குகிறது. மனிதக் குழந்தை ஓராண்டில் பிறந்த எடையைப்போல் மூன்று மடங்காகிறது. டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேல், ஓராண்டில் 50 கிலோவைத் தாண்டும். நூறு மடங்குக்குக் கிட்டே. எலும்பு இன்னும் முழுதாக இறுகாத நிலையிலேயே அவ்வளவு எடையையும் சுமக்க வேண்டியிருக்கிறது. இந்த வேகத்தை நாம் மேலும் முடுக்கினால் மூட்டுக் குருத்தெலும்பும், எலும்பின் முனையில் அது நீளும் இடமான வளர்தட்டும் தாங்காது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடத்தி 1974-ல் வெளியிட்ட ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது. வேண்டிய மட்டும் சாப்பிட விட்ட குட்டிகளுக்கு எலும்புக் கோளாறுகள் வந்தன. அளவாகக் கொடுக்கப்பட்டவை அவற்றைவிட நன்றாக வளர்ந்தன. குறைவாகச் சாப்பிட்டு மெதுவாக வளரும் குட்டி கடைசியில் குட்டையாகிவிடாது. உயரம் வம்சத்தில் எழுதப்பட்டது. 18 மாதத்தில் எட்டும் உயரத்தை 22 மாதத்தில் எட்டும், அவ்வளவுதான்.

ஆகவே விலா எலும்பைப் பாருங்கள். குட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவினால், அழுத்தாமலே விலா எலும்புகளை எண்ண முடிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு குறுகித் தெரிய வேண்டும். கடைசி இரண்டு விலா கண்ணுக்கே லேசாகத் தெரிந்தாலும் வளரும் டேனுக்குச் சரிதான். பக்கத்து வீட்டார் 'என்னங்க, நாய்க்குச் சோறு போடறதில்லையா?' என்று கேட்பார்கள். கேட்கட்டும். பந்துபோல் உருண்டிருக்கும் டேன் குட்டிதான் கவலைக்குரியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். 25 கிலோவைத் தாண்டியபின் வீட்டுத் தராசில் நிற்காது. அரிசி மண்டியில் மூட்டை எடை போடும் தராசில் ஏற்றி நிறுத்தலாம்.

அடுத்தது கால்சியம். பெரிய எலும்பு என்றால் நிறையக் கால்சியம் வேண்டும் என்று நினைத்து, குட்டி வந்த அன்றே கால்சியம் டானிக் பாட்டிலும் வாங்கிவிடுகிறோம். விற்பவரே சிபாரிசு செய்வதும் உண்டு. இங்கேதான் பெரிய தீங்கு நடக்கிறது. வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேற்பட்ட கால்சியத்தை உள்ளே எடுக்காமல் வெளியேற்றிவிடும். சுமார் ஆறு மாதம் வரை குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வராது. கொடுப்பதில் பெரும் பங்கை உறிஞ்சிக்கொள்ளும். ரத்தத்தில் கால்சியம் கூடும்போது எலும்பைச் சீரமைக்கும் வேலை மந்தமாகி, குருத்தெலும்பு எலும்பாக மாறும் ஒழுங்கு குலைகிறது. முன்னங்கால் வில்லாக வளைகிறது, தோள் மூட்டில் குருத்தெலும்பு செதிலாகப் பெயர்கிறது. 1980-களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளிலேயே இதை நிரூபித்துக் காட்டினார்கள். கால் வளைந்ததைப் பார்த்து 'கால்சியம் பத்தலை' என்று மருந்தின் அளவை இரட்டிப்பாக்கும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது.

அதே நேரத்தில் எதிர்த்திசைத் தவறும் உண்டு. எலும்பு நீக்கிய கோழிக்கறியும் சோறும் மட்டுமே போட்டு வளர்ப்பது. 100 கிராம் கோழிக்கறியில் கால்சியம் 10 மில்லிகிராம் அளவுதான், பாஸ்பரஸோ 200 மில்லிகிராமுக்கு அருகில். வளரும் குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். இந்தச் சோற்றில் வளரும் குட்டியின் உடம்பு, ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். எலும்பு பஞ்சாகி, கட்டிலிலிருந்து குதித்ததற்கே தொடை எலும்பு முறியும். எனவே வழி இரண்டுதான். பெரிய இனக் குட்டிக்கென்று தயாரித்த உலர் தீவனம் என்றால் அதோடு கால்சியம், வைட்டமின் டி, முட்டை ஓட்டுப் பொடி எதுவும் சேர்க்கக் கூடாது. பாக்கெட்டின் பின்புறம் கால்சியம் 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 1.8 சதவீதத்தைத் தாண்டினால் வேண்டாம். வீட்டுச் சமையல்தான் என்றால் கால்நடை மருத்துவரிடம் குட்டியின் எடையையும், ஒரு நாளில் கொடுக்கும் கறி, சோறு, காய்கறியின் கிராம் அளவையும் சொல்லி, சேர்க்க வேண்டிய கால்சியத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். முட்டை ஓட்டுப் பொடி ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கண்ணளவில் தூவுகிற பொருள் அல்ல அது. பாதித் தீவனம், பாதிச் சோறு என்று கலப்பதிலும் கணக்கு தவறும்.

எட்டு வாரத்திலிருந்து நான்கு மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதன்பின் ஆயுள் முழுக்க இரண்டு அல்லது மூன்று வேளை. ஒரே வேளையில் மொத்தத்தையும் கொட்டும் பழக்கம் டேனுக்கு ஆகவே ஆகாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

குட்டியின் கால்களில் கவனிக்க வேண்டியவை மூன்று. எட்டு முதல் பதினாறு வாரத்துக்குள் முன்னங்கால் மணிக்கட்டு முன்பக்கமாக மடிந்து, குட்டி கால் தடுக்கியதுபோல் நிற்கும். உணவைச் சரிசெய்து, வழுக்காத தரையில் நடக்கவிட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் நேராகிவிடும். இறுக்கிக் கட்டுப்போட வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரு கால்களும் வீங்கி, தொட்டால் சூடாக இருந்து, 104 டிகிரி காய்ச்சலும் சோறு வேண்டாமையும் சேர்ந்து வந்தால் அது வேறு நோய். எலும்பின் வளர்தட்டை ஒட்டிய அழற்சி. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். ஒரு காலில் நொண்டல், அடுத்த மாதம் வேறு காலில் நொண்டல் என்று மாறிமாறி வந்தால் இன்னொரு வகை. அது வலிக்கும், ஆனால் தானாகவே அடங்கக்கூடியது. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் நொண்டலாக வெளிப்படும் என்பதால் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். எதற்கும் வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுபுரோஃபென் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுப்பவை அவை.

தரையைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. வழவழப்பான டைல்ஸும் கிரானைட்டும் போட்ட வீட்டில் 20 கிலோ குட்டி திரும்பும்போதெல்லாம் பின்னங்கால் வெளிப்பக்கம் வழுக்கிப் பிரிகிறது. நாள் முழுக்க இது நடந்தால் தளர்ந்த இடுப்பு மூட்டு மேலும் தளரும். குட்டி நடமாடும் பாதையில் ரப்பர் விரிப்போ தேங்காய்நார் மிதியடியோ வரிசையாகப் போடுங்கள். படிக்கட்டில் ஏற்றி இறக்குவது, சோபாவிலிருந்து குதிக்க விடுவது, பைக்குக்குப் பின்னால் ஓடவைப்பது, இவை ஒன்றரை வயது வரை கூடாது. தானாக ஓடி விளையாடிக் களைத்தால் படுத்துக்கொள்ளும் விளையாட்டு நல்லது. நாம் இழுத்துக்கொண்டு போகும் நீண்ட ஓட்டம் கெடுதல்.

வளர்ந்தபின் அதே கடினத் தரை வேறொரு தொல்லை கொடுக்கும். 60 கிலோ உடம்பு 'தொம்' என்று முழங்கையை ஊன்றிப் படுக்கும். அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் இடையில் சதை கிடையாது. முதலில் ரோமம் உதிரும், தோல் யானைத்தோலாகத் தடிக்கும், பிறகு எலுமிச்சை அளவில் மெத்தென்று ஒரு நீர்க்கட்டி தொங்கும். வலி இருக்காது. ஊசி போட்டு உறிஞ்சினால் வற்றிவிடும் என்று தோன்றும். மறுபடி ஊறும், ஊசி வழியாகக் கிருமி புகுந்தால் சீழ்க்கட்டியாகிவிடும். மருந்து அந்தக் கட்டியில் இல்லை, படுக்கையில் இருக்கிறது. நான்கு அங்குலத்துக்குக் குறையாத ஃபோம் மெத்தை, கழற்றித் துவைக்கும் உறையோடு, நாய் எங்கெல்லாம் படுக்குமோ அங்கெல்லாம். வெறும் சாக்கும் பழைய புடவையும் போதாது. மெத்தை கொடுத்தபின் சிறிய கட்டி தானே சுருங்கிவிடும்.

இப்போது உயிரைப் பறிக்கும் விஷயம். ஆழமான மார்புக்கூடு கொண்ட நாய்களில், அதிலும் டேனில், இரைப்பை காற்றால் உப்பி அப்படியே சுற்றிக்கொள்கிறது. மேல்வாயும் கீழ்வாயும் முறுக்கி அடைபடும். காற்று வெளியேற வழியில்லை. உப்பிய இரைப்பை பெரிய ரத்தக்குழாயை நசுக்குவதால் இதயத்துக்கு ரத்தம் திரும்பாது, இரைப்பைச் சுவர் செத்துக் கருக்கத் தொடங்கும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வு, கிரேட் டேன்களில் பத்துக்கு நான்கு வரை வாழ்நாளில் ஒருமுறை இதற்கு ஆளாகக்கூடும் என்று மதிப்பிட்டது. வேகமாக விழுங்குவது, ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவது, முதுமை, பயந்த சுபாவம், ரத்த உறவில் யாருக்காவது வந்திருப்பது ஆகியவை அபாயத்தைக் கூட்டும். உயரமான நாய்க்கு உயரமான ஸ்டாண்டில் தட்டு வைப்பது நல்லது என்று கடைகளில் விற்கிறார்கள். அதே ஆய்வில் உயர்த்தி வைத்த தட்டு அபாயத்தைக் கூட்டியதாகத்தான் தெரிந்தது. தட்டைத் தரையிலேயே வையுங்கள். அள்ளி விழுங்கும் நாய்க்கு அகலமான தாம்பாளத்தில் தீவனத்தைப் பரப்பி, நடுவே வாய்க்குள் போகாத அளவு பெரிய கூழாங்கல் இரண்டை வைத்தால் வேகம் குறையும். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் ஓட்டமும் குதியாட்டமும் வேண்டாம்.

அறிகுறியை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாய் வாந்தியெடுக்க முயலும், எதுவும் வராது. வந்தாலும் வெள்ளை நுரையும் எச்சிலும்தான். ஓரிடத்தில் நிற்காது, படுக்காது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், எச்சில் ஒழுகும். கடைசி விலாவுக்குப் பின்னால் வயிறு மத்தளம்போல் இறுகும். ஆனால் டேனின் ஆழ்ந்த மார்புக்கூட்டுக்குள் இரைப்பை மறைந்திருப்பதால் முதல் ஒரு மணி நேரத்தில் வயிறு பெருத்தது வெளியே தெரியாமலும் போகலாம். ஆகவே வயிற்றைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். வராத வாந்தி ஒன்றே போதும், வண்டியை எடுங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பு மறைந்து வெளுத்திருந்தால் நேரம் மிகவும் குறைவு. ஓமத்தண்ணீர், சோடா, ஜெலுசில் எதுவும் உள்ளே போகாது, போகும் நேரம்தான் வீண். 'காலையில் பார்க்கலாம்' என்று விட்டால் பெரும்பாலும் காலையில் நாய் இருக்காது. மருத்துவமனையில் நரம்பு வழியே திரவம் ஏற்றி, காற்றை இறக்கி, எக்ஸ்ரே எடுத்து, அறுவை சிகிச்சையில் இரைப்பையைத் திருப்பி வைத்துத் தைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய வேலை, நாள்கணக்கில் ஒத்திப்போட முடியாது.

எனவே நாய் நன்றாக இருக்கும்போதே இரண்டு காரியம். ஒன்று, உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் இரவிலும் எக்ஸ்ரேயும் அறுவை சிகிச்சையும் செய்யக்கூடிய இடம் எது என்று விசாரித்து எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், மற்ற மாவட்டத்தார் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களில் உள்ள கல்லூரி மருத்துவமனைகளிலும் இரவு நேர வசதியைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ நாயை யார் தூக்குவது என்பதையும் யோசித்து வையுங்கள். தடித்த போர்வையில் கிடத்தி நான்கு முனையையும் இரண்டு பேர் பிடித்தால் காரில் ஏற்றிவிடலாம். இரண்டு, இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு முன்கூட்டியே தைத்து நிறுத்தும் அறுவை சிகிச்சை. அதைச் செய்தபின் வயிறு உப்பினாலும் முறுக்குவது அரிது. டேனுக்கு இது ஆடம்பரம் அல்ல என்பது என் உறுதியான கருத்து. பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும் அதே மயக்கத்தில் இதையும் முடித்துவிடலாம். கருத்தடையை மட்டும் ஆறு மாதத்தில் செய்துவிடாதீர்கள். இனப்பெருக்க ஹார்மோன்தான் எலும்பின் வளர்தட்டை மூடச் சொல்கிறது. ராட்சத இனத்தில் வளர்ச்சி முடியும்வரை, ஒன்றரை முதல் இரண்டு வயது வரை, பொறுப்பது மூட்டுக்கு நல்லது.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான். சூட்டை வெளியேற்றுவது நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலம். காற்றில் ஈரப்பதம் அதிகமானால் நாக்கின் ஈரம் ஆவியாகாது. அதனால் 34 டிகிரி காட்டும் புழுக்கமான சென்னை மாலையும் ஆபத்தே. உடம்பு பெரிதாகப் பெரிதாக எடைக்கேற்ற தோல் பரப்பு குறைவதால் பெரிய நாய்க்குச் சூடு சீக்கிரம் இறங்காது. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு டேனைக் கட்டி வைப்பது கொடுமை. கோடையில் நடைக்கு ஆறு மணிக்குமுன் அல்லது இருட்டியபின். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொறுக்காது. தண்ணீர் சாதாரண நாளிலேயே மூன்று, நான்கு லிட்டர் குடிக்கும், அகலமான வாளியில் இரண்டு இடத்தில் வையுங்கள்.

இரைப்பு நிற்காமல், தள்ளாடி, எச்சில் கெட்டியாகி, ஈறு செங்கல் நிறத்துக்குப் போனால் வெப்பத்தாக்கு. நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். மருத்துவரிடம் ஓடுமுன் குளிர்விப்பதைத் தொடங்க வேண்டும். குழாயடியில் நிறுத்தி உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மின்விசிறியைப் போடுங்கள். ஈரத்துணியைப் போர்த்திவிட்டு நிற்காதீர்கள், துணி சூடாகி உள்ளே வெப்பத்தைத் தேக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள். நாய் எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறும் ரத்தம் உறையாமையும் மறுநாள்தான் தலைகாட்டும்.

பழக்குவதைப் பற்றிச் சுருக்கமாக. நாலு மாதத்தில் 20 கிலோவாக இருக்கும்போதே பெல்ட் இழுக்காமல் நடக்கவும், ஆள்மேல் கால் போடாமல் உட்காரவும் கற்றுக்கொடுங்கள். வீட்டில் எடை குறைந்தவர் யாரோ, அது அம்மாவாகவோ பாட்டியாகவோ இருக்கட்டும், அவர் கையில் நாய் அடங்குகிறதா என்பதுதான் அளவுகோல். மூன்று மாதத்துக்குள் குடை, மழைக்கோட்டு, ஆட்டோ சத்தம், பள்ளிப்பிள்ளைகள், முண்டாசு கட்டிய ஆள் என்று எல்லாவற்றையும் தூரத்திலிருந்தாவது காட்டிவிட வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்காமல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம். எவ்வளவு சாதுவானாலும் சின்னக் குழந்தையோடு தனியாக விடாதீர்கள். டேன் கடிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை. அது வாலை ஆட்டினாலே தவழும் குழந்தையின் கண்ணில் படும், சாய்ந்தாலே பாட்டி விழுந்துவிடுவார். சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டிப்போட்ட டேன் சாதுவாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அது வீட்டுக்குள் மனிதர்களோடு இருக்க வேண்டிய நாய்.

வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் ஊக்க ஊசி, அப்புறம் ஆண்டுதோறும். உள்ளாட்சி உரிமம் கேட்கும் ஊர்களில் அந்தச் சான்று வேண்டும். உண்ணி மாத்திரைகள் எடை வரம்பு போட்டுத்தான் வருகின்றன. வளர்ந்த டேனுக்குப் பெரிய அளவு மாத்திரை ஒன்றே போதாமல் போகும் என்பதால் எடையைச் சொல்லி வாங்குங்கள். நான்கு வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை இதய எக்கோ நல்லது. இந்த இனத்தில் இதயத்தசை மெலிந்து இதயம் பெருக்கும் நோய் அதிகம். ஐந்து, ஆறு வயதுக்குமேல் ஒரு கால் நொண்டல் ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுங்கள். ராட்சத இனங்களில் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் நொண்டலாகத்தான் தொடங்குகிறது.

இவ்வளவையும் செய்ய முடியும், ஆனால் குட்டிப் பருவத்துத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பெரிதானபின் சமாளிக்க முடியாமல் காப்பகங்களில் விடப்படும் டேன்கள் உண்டு. இரண்டு வயதைக் கடந்த நாயின் எலும்பும் குணமும் தெரிந்தவை. ஒரு மாதம் தொடர்ந்து போய்ப் பழகிவிட்டு அழைத்து வரலாம்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். நாய்க்குட்டி விற்பனை விளம்பரம் வாங்கும்போது, விற்பவரின் விலங்குகள் நல வாரியப் பதிவு எண்ணையும் குட்டிகள் பிறந்த தேதியையும் கேட்டு வாங்கி விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். வெளியாகும் நாளில் எட்டு வாரம் நிறையாத குட்டிகளுக்கான விளம்பரத்தை ஏற்காதீர்கள். 'தாய் நாயை நேரில் பார்க்கலாம்' என்ற வரி இல்லாத விளம்பரங்களை விலக்கவும் விளம்பரப் பிரிவுக்குச் சொல்லலாம். தாயைக் காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்தைப் பார்க்கும் வாசகர்களுக்கும் அப்போது தானாகத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி